2 லிட்டர் தண்ணீர் முழுக்க நீராவியாக எவ்வளவு வெப்பம் வேண்டும்?

தனிஊசல்:
25 டிகிரியில் 2 லிட்டர் தண்ணீர், 2 கிலோவாட் இம்மர்ஷன் ஹீட்டர். நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை உயர்வு என்று போட்டால் 628.5 கிலோஜூல், 5 நிமிஷம் சொச்சம். தண்ணீர் முழுக்க ஆவியாக இது போதாதே, மீதிக் கணக்கு என்ன? பாய்லருக்கும் இதேதானா?

உலைமூடி:
அது 100 டிகிரிக்குக் கொண்டுபோகிற செலவு மட்டும் (2 × 4.19 × 75). அதற்கு மேல் தெர்மாமீட்டர் அசையாது. கொடுக்கிற வெப்பமெல்லாம் திரவத்தை ஆவியாக்கவே போகும். அந்த உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2257 கிலோஜூல். 2 × 2257 = 4514. இதை வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கிவிடாதீங்க, வழக்கமாகச் சறுக்கும் இடம். மொத்தம் 5142.5 கிலோஜூல், மின்சாரக் கணக்கில் 1.43 யூனிட். ஹீட்டரின் 2 கிலோவாட்டால் வகுத்தால் 2571 விநாடி, கிட்டத்தட்ட 43 நிமிஷம்.

கிராமுக்கு 540 கலோரி என்று போட்டிருக்கும் புத்தகமும் இதையேதான் சொல்கிறது. ஆனால் கலோரியையும் ஜூலையும் ஒரே வரியில் கலந்தால் கதை கந்தல்.

சுருள்கம்பி:
43 நிமிஷம் காகிதத்தில்தான். பாத்திரத்தின் பக்கச் சுவர் வழியாக வெப்பம் போகும். மின்னழுத்தம் 230-லிருந்து 200 வோல்ட்டுக்கு இறங்கினால் ஹீட்டரின் திறன் முக்கால் பங்காகிவிடும்.

சோதித்துப் பார்க்கக் கடைசிச் சொட்டு வரை வற்ற விடவேண்டாம். சுருள் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் கருகிவிடும். நன்றாகக் கொதித்த பிறகு தராசில் வைத்து அரை கிலோ குறையும் நேரத்தைக் குறியுங்க. இழப்பே இல்லையென்றால் 9 நிமிஷம் 24 விநாடி. 11 நிமிஷம் ஆனால் பயன்திறன் 85 சதவீதம். தளதளவென்று கொதித்துத் தண்ணீர் தெறித்தால் அதுவும் ஆவிக் கணக்கில் சேர்ந்து, பயன்திறன் பொய்யாக ஏறிக் காட்டும்.

தனிஊசல்:
சரி, பாய்லர்?

நீராவிக்குழாய்:
அங்கே 2257-ஐ மறந்துட்டு ஸ்டீம் டேபிளை (ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கொதிநிலை, வெப்ப அளவுகள் தரும் அட்டவணை) திறங்க. கேஜ் (அழுத்தமானி) 9 பார் காட்டினால் 10 பார் வரியைப் பார்க்கணும். டேபிளில் இருப்பது தனி அழுத்தம், அதாவது கேஜ் அளவோடு வளிமண்டலத்தின் 1 பாரும் சேர்ந்தது. அங்கே கொதிநிலை 180 டிகிரி, உள்ளுறை வெப்பம் 2015 ஆகக் குறையும், ஆனால் நீராவியின் மொத்த என்தால்பி (0 டிகிரித் தண்ணீரிலிருந்து எண்ணிய வெப்பம்) 2778. 25 டிகிரித் தண்ணீரின் 105-ஐக் கழித்தால் கிலோவுக்கு 2673 கிலோஜூல். மணிக்கு 100 கிலோ நீராவிக்கு 74 கிலோவாட். பயன்திறன் 80 சதவீதமென்றால் எரிபொருள் பக்கம் 93 கிலோவாட்.

நீராவி ஈரமாக இருந்தால் 2015-ஐ மட்டும் உலர்வுப் பின்னத்தால் (அதில் உண்மையில் ஆவியாக இருக்கும் நிறைப் பங்கு) பெருக்கி, 180 டிகிரித் தண்ணீரின் என்தால்பியான 763-உடன் கூட்டணும். கண்டன்சேட்டை (நீராவி குளிர்ந்து ஆன சுடுநீர்) திருப்பி உள்ளே போகும் தண்ணீரை 80 டிகிரியாக்கினால் 105-க்குப் பதில் 335 கழியும். 8 சதவீதத்துக்கு மேல் மிச்சம்.