ஆச்சி வீட்டு முற்றம்

*வெள்ளி, மாலை 6:10*

பெரிய மாமா: ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வருஷ திவசம். பேப்பரில் நினைவஞ்சலி போட நாளை மதியத்துக்குள் போட்டோ கேட்கிறார்கள். முகம் நேராக, தெளிவாக இருக்க வேண்டுமாம். யாரிடம் இருக்கிறதோ போடுங்கள்.

கார்த்தி: (படம்)

கார்த்தி: (படம்)

சித்தி: ரெண்டிலும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே!

கார்த்தி: என்னிடம் 14 இருக்கிறது சித்தி. எல்லாவற்றிலும் அண்ணாந்துதான் பார்க்கிறாள். என் கல்யாண போட்டோவில்கூட எல்லோரும் கேமராவைப் பார்க்க, ஆச்சி மட்டும் மண்டபத்து ஜன்னலைப் பார்க்கிறாள்.

அம்மா: அவள் நேராகப் பார்த்தது ஆதார் கார்டில் மட்டும்தான். அதில் யாரையோ திட்டப் போகிற மாதிரி இருப்பாள்.

அத்தை: என்னைத்தான்.

பெரிய மாமா: விளையாட்டு வேண்டாம். அப்புறம் இன்னொன்று. முற்றத்தில் பந்தல் போட்டால் புளியமரத்துக் கிளை இடிக்கிறது. நாளை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன்.

சித்தி: அண்ணே, இது பங்குனி. கிளையில் கூடு இருக்குமே.

சின்ன மாமா: நாலு கூடு. மூன்று நாரை, ஒன்று கூழைக்கடா. காலையில்தான் எண்ணினேன்.

பெரிய மாமா: இலையில் எச்சம் விழுந்தால் வந்தவன் சாப்பிடுவானா?

சின்ன மாமா: கூந்தன்குளத்துக்கு விருந்துக்கு வருகிறவனுக்கு அதெல்லாம் தெரியாதா? தவிர, எச்சம் என்றால் சந்ததி என்றும் பொருள் உண்டு. அப்படிப் பார்த்தால் நீயும் நானும் அம்மாவின் எச்சம்தான்.

பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: அந்த எச்சம் ஊறின குளத்து வண்டலை அள்ளி வயலில் போட்டுத்தானே நமக்கு நெல் விளைந்தது. உன் காலேஜ் ஃபீஸ் எங்கிருந்து வந்தது அண்ணே? அம்மா வீட்டுக்குள் இருந்து நான் பார்த்ததே மழைக்குத்தான். அதுவும் திண்ணை வரைக்கும். மற்ற நாளெல்லாம் மரத்தடிக் கயிற்றுக் கட்டில்தான், காலையில் தலையைக் கழுவினால் போச்சு என்பாள். மணிமுத்தாறு தண்ணி வராமல் குளம் காய்ந்துவிட்டால் நாரை கூடு கட்டாது. அந்த வருஷமெல்லாம் அவளுக்கு முகமே சரியிருக்காது. 1994இல் நம்ம குளத்தைச் சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்தபோது, “நாங்க எப்பவோ அறிவிச்சாச்சு, இவங்க இப்பதான் வாராங்க” என்றாள்.

கார்த்தி: சின்னப் பிள்ளையில் தீபாவளிக்கு ஒரு வெடி வெடிக்க விட்டாளா? வெறும் மத்தாப்பு. இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது எனக்கு.

நான்: ஒரு மே மாசம், நல்ல உச்சி வெயில். பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தவள் திடீரென்று என் தாடையைப் பிடித்து மேலே திருப்பினாள். கூட்டில் தாய் நாரை றெக்கை ரெண்டையும் விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அடியில் மூன்று குஞ்சு, அந்த நிழலுக்குள். எவ்வளவு நேரம் பார்த்தோமோ தெரியாது. அவள் கையில் மீன் வாடை அடித்தது. எனக்கு இன்னும் ஆச்சி என்றால் அந்த வாடைதான்.

சித்தி: வளர்ந்த நாரைக்குக் குரல் வராது, அலகைத் தட்டித்தான் பேசும் என்பாள். அப்பாவுக்குக் காது மங்கின பிறகு, சாப்பிடக் கூப்பிடக் கட்டில் காலில் கரண்டியால் தட்டுவாள். அதிர்வு தெரிந்து அவர் எழுந்து வருவார். “நாங்க ரெண்டு பேரும் இப்போ நாரை ஆயிட்டோம்.”

அத்தை: மெட்ராஸில் எங்கள் வீட்டுக்கு வந்து 12 நாள் இருந்தார்கள். பதினோராவது மாடி. அடைத்து வைத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடம். பால்கனியில் நின்று, “ஏளா, பருந்தோட முதுகை இன்னைக்குத்தான் பாத்தேன்” என்றார்கள். பதிமூன்றாவது நாள் பஸ் ஏறிவிட்டார்கள், அது வேறு கதை.

*சனி, காலை 5:52*

கார்த்தி: யாராவது முழித்திருக்கிறீர்களா? ராத்திரி அடித்த காற்றில் கூழைக்கடாக் குஞ்சு ஒன்று கீழே கிடக்கிறது. பக்கத்தில் போனால் கொத்த வருகிறது.

நான்: வனத்துறைக்கு போன் பண்ணு. விழுந்த குஞ்சுகளை வைத்துப் பார்க்க அவர்களிடம் கூண்டு இருக்கிறது.

கார்த்தி: பண்ணிட்டேன். வர அரை மணி நேரம் ஆகுமாம். நாய் சுற்றுகிறது.

அம்மா: அடுப்படிப் பரணில் ஆச்சியோட ஓலைப்பெட்டி இருக்கும், பெருசு. அதில் வை.

பெரிய மாமா: அலகைப் பிடித்துத் தூக்காதே. துண்டைப் போட்டு மூடி, அடியில் கை கொடுத்துத் தூக்கு. வாயில் தண்ணி ஊற்றாதே. மீன் கொடுக்கச் சொன்னால் தலைப்பக்கம் முதலில். வால் முதலில் போனால் தொண்டையில் மாட்டும்.

சித்தி: அண்ணே?

பெரிய மாமா: என்ன அண்ணே? மூலைக்கரைப்பட்டிக்கு சைக்கிளில் போய் மீன் வாங்கி வந்தது யார் என்று நினைத்தாய்?

*காலை 9:20*

பெரிய மாமா: மரம் வெட்டுகிறவனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சமையல், பந்தி எல்லாம் பின்கொல்லையில். போட்டோவுக்கு அந்த அண்ணாந்து பார்க்கிறதையே கொடுத்தாச்சு. பேப்பர்காரர் கழுத்துதான் தெரிகிறது என்றார். பரவாயில்லை, போடுங்கள் என்றேன்.

கார்த்தி: குஞ்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டியை மட்டும் மறக்காமல் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன்.

அத்தை: ஓட்டைப் பெட்டி, அது எதுக்கு?

கார்த்தி: மேலே இன்னும் ரெண்டு இருக்கு அத்தை.