300-இல் எக்ஸ்போர்ட் செய்தால் ஏ5 பக்கம் 617 மி.மீ. அகலமாகிவிடுகிறதே, ஏன்?

கேள்வி:

ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் ஏ5 (148 × 210 மி.மீ.) அளவில் ஒரு படிவம் இருக்கிறது. ஃப்ரேம் (வரையும் பரப்பு) 420 × 595. இதை மூன்று பி.என்.ஜி. கோப்புகளாக எடுக்க வேண்டும்: அங்குலத்துக்குத் திரைக்கு 72 பிக்சல், சரிபார்க்க 150, அச்சுக்கு 300. பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் அளவு மாறக்கூடாது.

1, 2.0833, 4.1667 மடங்குகளில் எக்ஸ்போர்ட் செய்தேன். முதலாவது சரியாக உட்காருகிறது. மூன்றாவது 617 மி.மீ. அகலத்தில் வந்து பக்கத்தைவிட்டு வழிகிறது. அதை ஃபோட்டோஷாப்பில் திறந்து ரெசல்யூஷனை 300 என்று மாற்றினால் அகலம் 1750 பிக்சலிலிருந்து 7292 பிக்சலாக எகிறுகிறது. எங்கே பிசகுகிறது?

பதில் 1:

உங்கள் பிக்சல்களில் தவறில்லை. ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று கோப்புக்குள் இருக்க வேண்டிய குறிப்புதான் சரியில்லை. 1750-ஐ 72-ஆல் வகுத்துப் பாருங்கள்: 24.3 அங்குலம், அதாவது 617 மி.மீ. அதே 1750-ஐ 300-ஆல் வகுத்தால் 148 மி.மீ. கிடைக்கும். ஃபிக்மா திரைக்காகச் செய்யப்பட்ட கருவி. மடங்கைக் கூட்டினால் பிக்சல் கூடும், ஆனால் அந்தக் குறிப்பு 300 ஆகாது.

ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் பெட்டியைத் திறந்ததும் முதலில் 'ரீசாம்பிள்' (பிக்சல் எண்ணிக்கையை மாற்றுவது) டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு 300 என்று அடியுங்கள். பிக்சல் எண்ணிக்கை அசையாமல் மி.மீ. மட்டும் மாற வேண்டும். டிக் இருந்தபடியே மாற்றினால் 617 மி.மீ.யைக் காப்பாற்றப் புதுப் பிக்சல்களை உண்டாக்கும். 7292 வந்தது அப்படித்தான். சேமிக்கும்போது 'சேவ் ஃபார் வெப்' பக்கம் போக வேண்டாம், போட்ட குறிப்பு அங்கே உதிர்ந்துவிடும். சாதாரண 'சேவ் அஸ்' போதும்.

ஃபோட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப் என்றால் இமேஜ் மெனுவில் 'பிரிண்ட் சைஸ்'. அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 'ஸ்கேல் இமேஜ்' வேறு வேலை செய்வது, பிக்சலையே மாற்றிவிடும். எக்ஸ்போர்ட் பெட்டியில் ரெசல்யூஷனைச் சேமிக்கும் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று: சில மென்பொருள்கள் 300-க்குப் பதில் 299.999 என்று காட்டும், பதற வேண்டாம். பி.என்.ஜி. இந்த எண்ணை ஒரு மீட்டருக்கு இத்தனை பிக்சல் என முழு எண்ணாக வைத்துக்கொள்கிறது. 300 என்பது 11811 ஆகிறது, 72 என்பது 2835 ஆகிறது. திருப்பிக் கணக்கிடும்போது 299.999, 72.009 என்று வரும். இதைத் 'திருத்த' முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

பதில் 2:

மேலே சொன்னது சரி, ஆனால் அந்த 1750-ஐயும் விடக்கூடாது. ஏ5 அகலம் 300-இல் 1748 பிக்சல்தான். ஃபிக்மாவின் 420 × 595 என்பது முழு எண்ணாக்கிய அளவு. அங்குலத்துக்கு 72 என்ற கணக்கில் உண்மையான அளவு 419.53 × 595.28. இதனால் உங்கள் படம் 148.17 × 209.89 மி.மீ. ஆகிறது. அகலம் ஒரு இம்மி கூடுதல், உயரம் ஒரு இம்மி குறைவு. வெள்ளைத் தாளில் தெரியாது. ஓரம்வரை நிறம் போகிறதென்றால் வெட்டியபின் ஒரு பக்கம் வெள்ளைக் கீற்று தெரிய வாய்ப்புண்டு.

ஃப்ரேமில் தசம எண்ணையே கொடுங்கள், ஃபிக்மா ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்போர்ட்டில் வர வேண்டியவை: 72-இல் 420 × 595, 150-இல் 874 × 1240, 300-இல் 1748 × 2480. ஒரு பிக்சல் முன்பின் இருந்தால் பரவாயில்லை, 300-இல் ஒரு பிக்சல் 0.085 மி.மீ.தான். ஓரம்வரை நிறம் இருந்தால் நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும் கோட்டுக்கு வெளியே விடும் கூடுதல் பரப்பு) சேர்த்து 154 × 216 மி.மீ. ஃப்ரேம் போடுங்கள் (436.54 × 612.28). அது 300-இல் 1819 × 2551.

72 கோப்பை வைத்துக் கோட்டின் தடிமனை முடிவு செய்யாதீர்கள். 0.25 பாயின்ட் (அங்குலத்துக்கு 72 பாயின்ட்) கோடு 300-இல் சுமார் ஒரு பிக்சல். 72-இல் கால் பிக்சல், அதனால் வெளிறிய சாம்பலாகத்தான் தெரியும். படிவத்தில் கட்டக் கோடுகள் நிறைய இருக்குமே, அதனால் சொல்கிறேன்.

கேட்டவர்:

ரீசாம்பிள் டிக்தான் காரணம். இப்போது மூன்றும் ஒரே அளவில் உட்காருகின்றன, மிக்க நன்றி. இதே வடிவமைப்பை எஸ்.வி.ஜி.யாக (பிக்சலுக்குப் பதில் கோடுகளாகப் படத்தை வைக்கும் கோப்பு வகை) எடுத்து வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளில் திறந்தால் 100 மி.மீ. பெட்டி 75 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. எஸ்.வி.ஜி.யில் பிக்சலே இல்லையே?

பதில் 3:

பிக்சல் படம் இல்லைதான், ஆனால் பிக்சல் என்ற அலகு இருக்கிறது. ஃபிக்மா, இல்லஸ்ட்ரேட்டர் இரண்டும் அங்குலத்துக்கு 72 என்று எடுத்துக்கொள்கின்றன. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளும் பிரவுசர்களும் 96 என்று படிக்கின்றன. 72-ஐ 96-ஆல் வகுத்தால் 0.75, உங்கள் 75 மி.மீ. அதுதான்.

சுருங்கிய அளவை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். 100 மி.மீ. 133.3 ஆக வந்தால் இதே கோளாறு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. 93.75 ஆக வந்தால் கோப்பு பழைய இன்க்ஸ்கேப்பில் செய்தது. 2017-இல் வந்த 0.92 பதிப்புக்கு முன்பு அது 90 என்று கணக்கிட்டு வந்தது.

தீர்வு: எஸ்.வி.ஜி.யை டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள். முதல் டேக்கில் இருக்கும் அகலம், உயரம் இரண்டையும் மில்லிமீட்டர் அலகோடு 148, 210 என மாற்றுங்கள், எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி வேண்டாம். வியூபாக்ஸில் (அதே டேக்கில் வரைபரப்பின் உள் அளவைச் சொல்லும் பகுதி) உள்ள 419.53, 595.28 அப்படியே இருக்கட்டும், உள்ளே வரைந்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வியூபாக்ஸ் இல்லாத கோப்பில் அகலத்தை மட்டும் மாற்றினால் படம் பெரிதாகாது, பக்கம்தான் பெரிதாகி படம் ஒரு மூலையில் கிடக்கும்.

எந்தக் கோப்பை அனுப்பினாலும் அதில் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று வைத்து, அச்சிடும் பெட்டியில் 'ஃபிட்' இல்லாமல் 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்து, தாளில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 'ஃபிட்'டில் விட்டால் கோப்பு சரியாக இருந்தாலும் 94, 97 என்று ஏதாவது வரும். பிறகு இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.