தாவர மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரும்பு எதற்கு?

கேள்வி:
இரும்புக் குறைபாடு என்றாலே இளம் இலைகள் மஞ்சளாவதும் பசுங்கணிகமும் மட்டுமே பேசப்படுகின்றன. உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரும்பு எதற்குத் தேவைப்படுகிறது, மிகுந்துவிட்டால் என்ன நேரும் என்பதை யாரேனும் விளக்க இயலுமா?

பதில் 1:
இலையிலுள்ள இரும்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு பசுங்கணிகத்தில் இருப்பதால் அந்தச் சாய்வு இயல்பானதே. ஆயினும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கடத்தும் சுவாசச் சங்கிலியின் முதல் புரதக் கூட்டமைப்பில் மட்டும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த 8 இரும்பு-கந்தகக் கொத்துகள் உள்ளன. எலக்ட்ரான் கடத்தும் சைட்டோகுரோம் புரதங்களின் ஹீம் என்னும் இரும்புப் பகுதியும், சிட்ரிக் அமிலச் சுழற்சியின் அக்கோனிடேஸ் நொதியும் இரும்பின்றி இயங்கமாட்டா. எலக்ட்ரான்களுக்கு வேறு வழி தரும் மாற்று ஆக்சிடேஸ் நொதியின் மையத்திலும் 2 இரும்பு அணுக்கள் உண்டு. இதைப் பாடநூல்கள் ஏனோ போகிற போக்கில் மட்டுமே சொல்கின்றன.

பதில் 2:
மிகுதிதான் ஆபத்து. கட்டுறாத இரும்பு, சுவாசத்தின்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, சவ்வுகளையும் டிஎன்ஏவையும் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பை (radical), அதாவது மிகுந்த வினைத்திறன் கொண்ட துகளை, உருவாக்குகிறது. பெரும்பாலும் பசுங்கணிகத்தில் காணப்படும் ஃபெரிட்டின் புரதம், சிறிதளவு மைட்டோகாண்ட்ரியாவிலும் இருந்து இரும்பைப் பூட்டிவைக்கிறது. அதே வேளையில், இரும்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுவரும் எம்ஐடி (MIT) என்னும் கடத்திப் புரதம் முற்றிலும் இல்லாத நெல் பிழைப்பதில்லை.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஏடிஎம்3 (ATM3) என்னும் கடத்திப் புரதம், சைட்டோசோலில் (உயிரணுவின் திரவப் பகுதியில்) இரும்பு-கந்தகக் கொத்துகளை அமைக்கத் தேவையான கந்தகச் சேர்மத்தை மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே அனுப்புகிறது. உட்கருவில் டிஎன்ஏவைச் சீர்செய்யும் சில நொதிகளுக்கும் அந்தக் கொத்துகள் தேவை; ஆகவே மைட்டோகாண்ட்ரியாவில் ஏற்படும் பழுது அந்நொதிகள் வரை எட்டும்.