தவக்கால உண்டியலும் மருத்துவ அறக்கட்டளைகளும்: ஆலயப் பங்குகளில் பார்த்தவை

பொருளாளர், களியக்காவிளைப் பக்கம்

தவக்காலத்தில் அன்பியங்கள் (பங்கு மக்களின் சிறு குழுக்கள்) சேர்த்த உண்டியல்களை உடைத்து எண்ணி முடித்ததும் பங்குப் பேரவையில் 'ஒரு பகுதி மருத்துவச் சேவைக்கு' என்று தீர்மானம் எழுதிவிடுகிறார்கள். எந்தச் சேவைக்கு என்று கேட்டால்தான் கூட்டம் சூடாகிறது. ஒருவர் புற்றுநோய் அறக்கட்டளை என்பார். 'அவங்க கருவை வைத்து ஆராய்ச்சி செய்றாங்களாமே, வாட்ஸ்அப்பில் வந்துச்சே' என்று இன்னொருவர் எழுந்திருப்பார். கடைசியில் யாரும் சரிபார்க்காமல் பாதர் தலையில் பொறுப்பு விழும். குழித்துறை, நெய்யாற்றின்கரை, சுல்தான்பேட்டை மறைமாவட்டங்களில் இந்த வேலையில் இருப்பவர்கள், நடைமுறையில் என்ன வருகிறது, எப்படித் தீர்க்கிறீர்கள் என்று எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம், அது ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்.

மறைக்கல்வி ஆசிரியர், மார்த்தாண்டம்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். 'இந்த நிறுவனம் கெட்டது, அந்த நிறுவனம் நல்லது' என்று முத்திரை குத்திய பட்டியல் எதையும் திருச்சபை நம் கையில் தரவில்லை. கேட்கச் சொல்வது வேறு: நான் கொடுக்கும் பணம் எந்தச் செயலுக்குப் போகிறது, அந்தச் செயலோடு எனக்கு எவ்வளவு நெருக்கம்?

தீமையை நானும் விரும்பித் துணைபோனால் அது எப்போதும் பாவம். 1995-ல் வந்த 'எவாஞ்சேலியும் வீத்தே' என்ற திருத்தந்தையின் சுற்றுமடல் 74-ஆம் எண்ணில் இதைச் சொல்கிறது. நான் விரும்பவில்லை, ஆனால் என் பணத்தில் ஒரு பங்கு சுற்றி வளைந்து அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது என்றால், அங்கேதான் எடைபோட வேண்டும். எவ்வளவு தூரம்? வேறு வழி உண்டா? எனக்கு இருக்கும் காரணம் எவ்வளவு கனமானது? மருந்துக்கு வழியில்லாத நோயாளிக்கு வேறு இடமே இல்லாவிட்டால் கனமான காரணம் இருக்கிறது. பக்கத்திலேயே சிக்கலில்லாத இன்னொரு அமைப்பு இருக்கும்போது அந்தக் காரணம் மெலிந்துபோகிறது.

பலர் கவனிக்காத ஒன்று துர்மாதிரி, அதாவது நம் செயலைப் பார்த்து மற்றவர்கள் தவறான பக்கம் போவது. தனி ஆள் 200 ரூபாய் கொடுப்பதும், பங்கின் பெயர் பேனரில் ஆதரவாளராக ஏறுவதும் ஒன்றல்ல. விழிப்புணர்வு ஓட்டத்துக்கு இளைஞர் இயக்கத்தின் பெயரை டீ-சர்ட்டில் அச்சடிக்கிறார்கள். போன பணம் சிறியதாக இருக்கலாம். ஆனால் அந்த அமைப்பு கருக்கலைப்பை ஒரு சேவையாக நடத்தினால், 'சர்ச்சே ஆதரிக்குது' என்ற பேச்சு அந்த டீ-சர்ட்டில் இருந்துதான் கிளம்பும்.

வெளிநாட்டில் நடந்த ஒரு விஷயம் பேரவையில் சொல்ல உதவும். 2014-ல் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்குப் பணம் திரட்ட, தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் ஐஸ் பக்கெட் சவால் ஓடியபோது, அமெரிக்காவின் சின்சினாட்டி உயர்மறைமாவட்டம் தன் பள்ளிகளிடம், திரட்டும் பணத்தை ஏஎல்எஸ் சங்கத்துக்கு அனுப்ப வேண்டாம், அயோவாவில் உள்ள இரண்டாம் ஜான் பால் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புங்கள் என்றது. கரு ஸ்டெம் செல் ஆய்வு ஒன்றுக்கு அந்தச் சங்கம் வழியாகப் பணம் போனதே காரணம். சவாலையோ நோயாளிகளுக்குத் திரட்டுவதையோ அது தடுக்கவில்லை, போய்ச் சேரும் இடத்தைத்தான் மாற்றியது. 'கொடுக்காதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தும் பேரவைகளுக்கு இதைக் காட்டலாம்.

நர்ஸ், பாறசாலை

ஸ்டெம் செல் என்றாலே கையை உதறுவதுதான் எங்கள் பக்கம் அதிகம். லுக்கேமியா பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை கொடையாளர் தேடும் முகாமுக்கு இளைஞர்கள் வருவார்கள். படிவத்தில் 'ஸ்டெம் செல்' என்று பார்த்ததும் இரண்டு மூன்று பேர் நழுவுவார்கள். 'அது கருவைக் கொல்றதில்லையா சிஸ்டர்?' என்ற கேள்வி தவறாமல் வரும்.

இல்லை. செல் யாரிடமிருந்து, எப்படி எடுக்கப்படுகிறது என்பதுதான் விஷயம். நான்கைந்து நாள் வயதுள்ள மனிதக் கருவைச் சிதைத்து எடுப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை. வளர்ந்த மனிதரின் மஜ்ஜை, ரத்தம், பிரசவத்தின்போது தொப்புள்கொடியில் மிஞ்சும் ரத்தம் ஆகியவற்றில் இருந்து எடுப்பதை 2008-ல் வந்த வத்திக்கான் ஆவணம் 'டிக்னிடாஸ் பெர்சோனே' 32-ஆம் எண்ணில் தெளிவாக அனுமதிக்கிறது. சாதாரணத் தோல் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல் போல ஆக்கும் முறையை ஷின்யா யமனாகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் செய்துகாட்டினார். 2012-ல் நோபல் கிடைத்தது. அந்த வழியிலும் கருவைச் சிதைக்கத் தேவையில்லை.

கொடையாளர் முகாமில் நடப்பது இவ்வளவுதான்: பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து மாதிரி எடுப்பார்கள், எச்எல்ஏ வகை (யாருக்கு யார் பொருந்துவார் என்று காட்டும் திசு வகை) பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். பின்னால் யாருக்காவது பொருந்தினால் ஐந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடுவார்கள். அது மஜ்ஜையில் இருக்கும் செல்களை ரத்தத்துக்குள் இறக்கும். பிறகு கையில் ஊசி குத்தி, மெஷின் வழியாக ரத்தத்தைச் சுற்றவிட்டு, வேண்டிய செல்லை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திருப்பி உடலுக்கே விடுவார்கள். சில மணி நேர வேலை. ஊசி போடும் நாட்களில் எலும்பு வலியும் தலைவலியும் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், பொருத்தம் கிடைத்த நேரத்தில் வீட்டார் பயந்து பின்வாங்குவார்கள். அப்போது நோயாளிக்குத் தன் மஜ்ஜையை அழிக்கும் கீமோ ஆரம்பித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. தார்மீகக் கேள்வி என்று பார்த்தால் எனக்கு இதுதான் பெரிது: வாக்குக் கொடுத்துவிட்டு நழுவுவது.

கூடப்பிறந்தவர் பொருந்த வாய்ப்பு நாலில் ஒன்று. அதனால்தான் வெளிக் கொடையாளர் பதிவேடு தேவைப்படுகிறது. ஒரு மாதிரியைச் சோதித்துப் பதிய ஆகும் செலவை அப்படியே ஏற்பது பங்குக்கு நல்ல கொடை.

லேப் டெக்னீஷியன், கொழிஞ்சாம்பாறை

நர்ஸ் அக்கா சொன்னது எளிய பக்கம். எங்களுக்குச் சிக்கல் ரத்த நோய்களில் வருகிறது. பக்கத்தில் அட்டப்பாடியில் அரிவாள் செல் நோய், மற்ற இடங்களில் தலசீமியா; இரண்டும் பெற்றோர் வழியாக வரும் ரத்த நோய்கள். இரண்டிலும் அறக்கட்டளைகள் செய்யும் வேலை ஒரே கூரைக்குள் மூன்று நான்காக இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தலசீமியா பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற ஏற உடம்பில் இரும்பு சேர்ந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும், அதை வெளியேற்ற டெஃபெராசிராக்ஸ் போன்ற மாத்திரை தினமும் வேண்டும். ரத்தம் ஏற்றும்போது வெள்ளணுக்களை வடிகட்டும் ஃபில்டர் வேண்டும். இதற்கெல்லாம் பணம் கொடுப்பதில் ஒரு தயக்கமும் வேண்டாம்.

அடுத்தது திருமணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை. எச்பிஎல்சி என்ற ரத்தச் சோதனையில் எச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக அவர் பீட்டா தலசீமியா தாங்கி (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்று சந்தேகிப்போம். இருவரும் தாங்கிகளானால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. திருமண ஆயத்த வகுப்பிலேயே இதைச் சொல்லலாம், பரிசோதனைக்குப் பணமும் கொடுக்கலாம். தவறில்லை.

மூன்றாவது, கர்ப்பத்தின் 10 முதல் 12 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்ப்பது. 1987-ன் வத்திக்கான் ஆவணமான 'தோனும் வீத்தே' கருவில் நோய் கண்டறிவதை முழுசாகத் தடுக்கவில்லை. பிள்ளையைக் காக்கவோ குணப்படுத்தவோ உதவுமானால் சரி, நோயிருந்தால் கலைத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு செய்தால் பெருந்தவறு என்கிறது. சில ஆண்டறிக்கைகளில் 'நோய்த் தடுப்பு' என்ற ஒரே தலைப்பில் திருமணத்துக்கு முந்தைய பரிசோதனையும் இதுவும் சேர்ந்தே இருக்கும். போன் செய்து ஒரே கேள்வி கேளுங்கள்: 'கருவில் நோய் தெரிந்தபிறகு நீங்கள் குடும்பத்துக்கு என்ன செய்து கொடுக்கிறீர்கள்?' கவுன்சலிங் என்றால் என்ன கவுன்சலிங், கலைப்புச் செலவை ஏற்கிறீர்களா என்று விடாமல் கேளுங்கள். பெரும்பாலும் நேராகவே சொல்லிவிடுவார்கள். சட்டப்படி நடப்பதை அவர்கள் ஒளிக்கத் தேவையில்லை.

நான்காவது, நோயுள்ள அண்ணனுக்கு மஜ்ஜை பொருந்தும் தம்பியை ஐவிஎஃப்-பில் (ஆய்வகத்தில் கரு உருவாக்கும் முறை) தேர்ந்தெடுப்பது. இதையும் திருச்சபை ஏற்பதில்லை. இது செலவு பிடிக்கும் காரியம், அதனால் தனிக் குடும்பத்துக்கான கூட்டு நிதி வேண்டுகோளாக இணையத்தில் வரும். 'மஜ்ஜை மாற்றுக்கு உதவுங்கள்' என்றே தலைப்பு இருக்கும். கீழே மருத்துவச் செலவு மதிப்பீட்டுத் தாளைப் பெரிதாக்கி வாசித்தால்தான் கரு உருவாக்கம், கருத் தேர்வு என்ற வரிகள் தெரியும்.

கணக்கர், குழித்துறை

மேலே சொன்னவையெல்லாம் சரிதான். ஆனால் நடைமுறையில் காரியம் கெடுவது காசோலைப் பக்கம்தான்.

'டயாலிசிஸுக்கு மட்டும்' என்று வாயால் சொல்லிவிட்டு பொதுக் கணக்கின் க்யூஆரில் பணம் போட்டால் அது பொது நிதிதான். யூபிஐ குறிப்பில் எழுதியதை யாரும் வாசிப்பதில்லை. அனுப்பும் முன்பே பங்கின் லெட்டர்பேடில் கடிதம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அவர்களின் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தில் தொகை, எந்தச் செலவுக்கு, எதற்குப் பயன்படுத்தக் கூடாது, எந்தத் தேதிக்குள் பயன்பாட்டுச் சான்று வேண்டும் என்று இருக்கட்டும். பணம் போனபின் யூடிஆர் எண்ணை (வங்கிப் பரிமாற்ற எண்)க் கடிதத்தின் ஓரத்தில் எழுதி ஃபைலில் வையுங்கள். ரசீதில் 'நன்கொடை' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து நோக்கத்தை எழுதி வாங்குங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

வத்திக்கானுக்கே இந்தப் பிரச்சினை வந்திருக்கிறது. யூனிசெஃப்புக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த அடையாளத் தொகையை 1996-ல் நிறுத்தியது. குறிப்பிட்ட குழந்தை நலத் திட்டங்களுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த பணத்துக்குச் சரியான கணக்கு வரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஒதுக்கிக் கொடுத்தாலும் ஓட்டை உண்டு. அந்த அமைப்பு டயாலிசிஸுக்கு எப்படியும் ஒரு லட்சம் ஒதுக்கியிருந்தது என்று வையுங்கள். உங்கள் 25,000 அங்கே போனால் அவர்களின் சொந்தப் பணத்தில் 25,000 மிச்சமாகி வேறு வேலைக்குப் போகும். தனிக் கணக்கு, தனிச் செலவுத் தலைப்பு உள்ள அமைப்பில் இது குறைவு. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். 'திட்டச் செலவுகள்' என்று ஒரே வரியில் மொத்தமாகப் போட்டிருந்தால் உங்கள் கடிதத்துக்கு அங்கே பெரிய மதிப்பில்லை என்பது என் கருத்து.

இதையெல்லாம் தவிர்க்க எளிய வழி, நோயாளியின் பில்லை நேராகக் கட்டுவது. நம் பக்கத்து ஆட்கள் திருவனந்தபுரத்தில் ஆர்சிசி புற்றுநோய் மருத்துவமனைக்கும் மெடிக்கல் காலேஜுக்கும் போகிறவர்கள். நோயாளியின் ஆஸ்பத்திரி எண்ணை வாங்கி, பில் கவுன்ட்டரிலோ ஆஸ்பத்திரியின் அதிகாரபூர்வக் கணக்கிலோ கட்டி, அந்த எண் அச்சான ரசீதை வாங்குங்கள். போஸ்டரில் இருக்கும் தனி ஆளின் கணக்குக்கு அனுப்ப வேண்டாம்.

வரி விஷயம். நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும், நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய சலுகை 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. பேரவை உறுப்பினர் ஒருவர் 'நான் அனுப்பிடறேன் பாதர்' என்று ஊர்ப் பணத்தைத் தன் போனில் இருந்து அனுப்புவார். சான்று அவருடைய பான் எண்ணில் வரும், சலுகையும் அவருக்கே. யாரும் தப்பு நினைத்துச் செய்வதில்லை, ஆனால் அடுத்த கூட்டத்தில் இதுதான் பேச்சு. பங்குக் கணக்கில் இருந்தே அனுப்புங்கள்.

பாலியேட்டிவ் தன்னார்வலர், நெய்யாற்றின்கரை

எங்கே கொடுப்பது என்று தெரியாத பேரவைகளுக்கு நான் சொல்வது பாலியேட்டிவ் எனப்படும் வலி நிவாரண சேவை. கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி இன்று வார்டு அளவுக்கு வந்துவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2279-ஆம் எண்ணில் இதைத் தன்னலமற்ற அன்பின் தனிச் சிறப்பான வடிவம் என்று சொல்லி ஊக்குவிக்கிறது.

எதிர்ப்பு வருவது மார்ஃபின் என்ற வலி மருந்தில். 'அதைக் கொடுத்துச் சீக்கிரம் முடிச்சுடுவாங்க' என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு உண்டு. வலியைக் குறைக்கும் நோக்கத்தோடு கொடுக்கும் மருந்து, அதனால் ஆயுள் சற்றுக் குறைய நேர்ந்தாலும், தகாததல்ல என்று திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1957-லேயே சொல்லிவிட்டார். குறைந்த அளவில் தொடங்கி, வலி அடங்கும்வரை படிப்படியாக ஏற்றினால் வாய்வழி மார்ஃபின் ஆளைக் கொல்லாது. கெடுவது மலச்சிக்கலில். மார்ஃபின் தொடங்கும் அன்றே பேதி மருந்தும் தொடங்க வேண்டும். மறந்தால் நாலாம் நாள் வயிறு உப்பி, வீட்டார் மார்ஃபினையே நிறுத்திவிடுவார்கள், வலி திரும்பும், பழி மருந்தின்மேல் விழும். அந்தப் பேதி மருந்து, காற்று மெத்தை, சிறுநீர்க் குழாய், பை, புண்ணுக்குக் கட்டுத்துணி: உண்டியல் பணத்துக்குச் சரியான அளவுள்ள செலவுகள் இவை.

பொருளாளர், களியக்காவிளைப் பக்கம்

நன்றி. தடுப்பூசி முகாமுக்குக் கொடுக்கலாமா? ரூபெல்லா ஊசி கருவின் செல்லில் வளர்த்தது என்று ஒரு அக்கா விடாமல் கேட்கிறார். அப்புறம், 500 ரூபாய் கொடுத்தாலும் கணக்கர் அண்ணன் சொன்ன கடிதம் எல்லாம் வேண்டுமா?

மறைக்கல்வி ஆசிரியர், மார்த்தாண்டம்

அக்கா சொல்வதில் உண்மை உண்டு. 1960-களில் கலைக்கப்பட்ட கருவில் இருந்து வளர்த்தெடுத்த செல் வரிசைதான் ரூபெல்லா ஊசிக்குப் பயன்படுகிறது. வேறு ஊசி இல்லாத நிலையில் போட்டுக்கொள்வது அந்தப் பழைய பாவத்துக்கு உடன்படுவது ஆகாது என்பதே உரோமையின் நிலை. கோவிட் ஊசிகள் குறித்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 21-ல் வெளியிட்ட குறிப்பும் அதே வழிதான். கூடவே, இந்தச் செல் இல்லாத ஊசிகளைத் தயாரிக்கும்படி நிறுவனங்களையும் அரசுகளையும் கேட்டுக்கொண்டது. முகாமுக்குக் கொடுக்கலாம்.

கணக்கர், குழித்துறை

500-க்குக் கடிதம் வேண்டாம் அண்ணே. அந்தக் காசுக்கு மெடிக்கல் ஷாப்பில் நோயாளியின் சீட்டுக்கு மருந்தை வாங்கி, பில்லோடு கையில் கொடுத்துவிடுங்கள்.