மறு: எத்திடியம் புரோமைடுக்கு மாற்றான சாயங்கள் - தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜெல் என்னும் கூழ்ப்பாளத்தில் டி.என்.ஏ.வை ஒளிரவைத்துக் காட்டும் சாயம் எத்திடியம் புரோமைடு. அது தீங்கானது என்பதால் வந்த மாற்றுகளை ஆங்கிலத்தில் ‘சேஃபர் ஸ்டெயின்’ என்கிறார்கள். அச்சுக்குள் அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். உங்கள் யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> ஸ்டெயின் என்பது கறை, சாயம் அன்று. ‘கறைமிடறு அணியலும் அணிந்தன்று’ என்கிறது புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து. அது நஞ்சு பட்ட கறை. எத்திடியத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ‘கறையி’ என்போம்.

ஐயா, பாட்டு நெஞ்சில் நிற்கிறது. ஆனால் என் மாணவிகளுக்குக் கறை என்றால் ஆய்வக மேலங்கியில் படுவது, சோப்புப் போட்டுத் தேய்ப்பது. ஜெல்லில் ஆரஞ்சாக ஒளிரும் பட்டையைக் கறை என்று அவர்கள் வாய் சொல்லாது. பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் ‘கிராம் சாயமேற்றம்’ படித்து வந்தவர்கள், சாயமே இருக்கட்டும்.

> சாயம் டி.என்.ஏ.வின் ஏணிப்படி போன்ற கார இணைகளுக்கு நடுவே நுழைந்துகொள்கிறது, ஏட்டில் இடைச்செருகல் போல. ‘இடைச்செருகி’?

அக்கா, அருமையான சொல். இனி வகுப்பில் இதைத்தான் சொல்வேன். ஆனால் எத்திடியமே இடைச்செருகிதானே? புதியதைப் பிரித்துக்காட்ட இது உதவாது.

என் சிக்கல் அடைமொழியில். ஆங்கிலத்தில் ‘சேஃபர்’ ஒப்பீடு. தமிழில் ‘விட’ போடாமல் ஒப்பீடு நிற்காது. ‘பாதுகாப்பான சாயம்’ என்றதும் எதைவிட என்பது உதிர்ந்துபோகிறது. போன பருவத்தில் புட்டியில் அப்படித்தான் எழுதி ஒட்டினேன். மறுநாள் ஒரு பெண் வெறுங்கையால் ஜெல்லை அள்ளி ஒளிப்பெட்டிமேல் வைத்தாள். விரல் நுனியில் ஜெல் ஊறிய பஃபர் கரைசல் சொட்டுகிறது. ‘பாதுகாப்பானதுதானே மேடம்?’ என்றாள். தப்பு என் ஒட்டில்.

மாற்றுச் சாயங்களில் இரண்டு ஜெல்ரெட், சைபர் சேஃப். ஜெல்ரெட்டின் மூலக்கூறு பெரிது. செல் சவ்வைத் தாண்டாதபடி வடிவமைத்தது. சைபர் சேஃப் நீல ஒளியிலேயே பச்சையாக ஒளிரும். புற ஊதாக்கதிர் வேண்டாம், கண்ணும் தப்பும், வெட்டியெடுக்கும் டி.என்.ஏ.வும் சிதையாது. ஆனாலும் இரண்டும் டி.என்.ஏ.வைப் பற்றும் பொருள்களே. கையுறையைக் கழற்ற முடியாது.

> ‘குறைதீங்குச் சாயம்’. வினைத்தொகை, கச்சிதம்.

தம்பி, வினைத்தொகை முக்காலத்துக்கும் பொது. குறைந்த தீங்கா, குறையும் தீங்கா? நாள்பட நாள்படத் தீங்கு குறையும் என்று ஒரு பிள்ளை படித்துவிட்டால்? விரித்தே எழுதுவோம்: ‘தீங்கு குறைந்த சாயம்’. இதுவரை மூவர் சரி என்றிருக்கிறீர்கள். ஐயா இன்று காலையும் கறையை விடவில்லை.

புட்டிக்குப் புது ஒட்டு எழுதிவிட்டேன். கீழே ‘கையுறை அணிக’. கையேட்டின் அந்தப் பக்கத்தில் இரண்டு வரி இடம் மிச்சம். ‘கறையி’யை அடிக்குறிப்பாகச் சேர்க்க ஐயாவுக்குச் சம்மதமா?