பெற்றோரில் ஒருவர் மற்றவரை விட்டுவிட்டு வெளிநாட்டிலிருந்து குழந்தையைக் கூட்டி வந்துவிட்டார்: உங்கள் அனுபவம் என்ன?

ஏற்காட்டுச் சித்தப்பா:
லண்டனிலிருந்து அண்ணன் வந்து இறங்கிய மறுநாளே ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினோம். மகளைப் பார்த்துப் பதினொரு மாதம். அண்ணி அவளை மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார். வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். 'உறவு' என்ற கட்டத்தில் அண்ணன் 'அப்பா' என்று எழுதினார். காவலாளி தன்னிடமிருந்த பட்டியலைப் பார்த்தார். அந்த வரியின் மேல் அளவுகோலை வைத்து நேராகக் கோடு கிழித்தார். மாடி வராந்தாவில் குழந்தை நின்றிருந்தது. எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கியது, பக்கத்திலிருந்த வார்டனைப் பார்த்தது, கையை இறக்கிக்கொண்டது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்வரை அண்ணன் வாய் திறக்கவில்லை. இங்கிலாந்து நீதிமன்ற உத்தரவு அவர் பையிலேயே இருந்தது. வேறு நாட்டுக்குக் கடத்திப்போன குழந்தையைத் திருப்பி அனுப்ப நாடுகள் செய்துகொண்ட 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அந்த உத்தரவு இங்கே தானாகச் செல்லாது என்று எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

கன்னங்குறிச்சி அக்கா:
உங்கள் அண்ணி ஏன் வந்தார் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே? என் தங்கை இரண்டு உடுப்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பெயர் கடத்தலா? ஆட்கொணர்வு மனு (பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு) நோட்டீஸோடு போலீஸ் வந்த அன்று பிள்ளை அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "விமானம் போய்விட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். 2017 நித்யா ஆனந்த் ராகவன் தீர்ப்புதான் எங்களுக்குக் கைகொடுத்தது. வெளிநாட்டு உத்தரவை விடக் குழந்தையின் நலனே பெரிது என்றது உச்ச நீதிமன்றம்.

அஸ்தம்பட்டி வாசகர்:
அக்கா, அதே உச்ச நீதிமன்றம்தான் 2015-இல் சூர்யவதனன் வழக்கில், கோவைக்கு வந்த பிள்ளைகளை இங்கிலாந்துக்குப் போகச் சொன்னது. ஒரு தீர்ப்பை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். என் மச்சானுக்குச் சமாதானம் பேசியே இரண்டு வருடம் போனது. அதற்குள் பிள்ளை இங்கேயே வேரூன்றிவிட்டான் என்றார்கள். சித்தப்பா, காலம் தாழ்த்தாதீர்கள். சேலம் ஆட்கொணர்வு மனுவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான், மதுரைக் கிளை அல்ல. குழந்தை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று 1890 காப்பாளர் சட்டத்தில் தனியாக வழக்குப் போட்டால், குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தை வைத்துத்தான் எந்த நீதிமன்றம் என்று முடிவாகும். இங்கேதான் வசிக்கிறாள் என்பதற்கு, விடுதியில் சேர்த்ததை உங்கள் அண்ணி தரப்பில் காட்டுவார்கள், உங்கள் வக்கீலிடம் முதலில் இதைப் பேசுங்கள். வாரம் ஒரு முறை வீடியோவில் பார்க்கவாவது இடைக்கால உத்தரவு கேளுங்கள். லண்டன் பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை எல்லாம் வேண்டும். அக்கா, வழக்கு இன்னும் நடக்கிறதென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தங்கைக்கு இலவச வக்கீல் கிடைப்பார்; பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

ஏற்காட்டுச் சித்தப்பா:
திங்கட்கிழமை சென்னை போகிறோம். அக்கா கேட்டதை இன்று அண்ணனிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.