புதுப்பிப்பு: திருகோணமலை உப்புவெளி வீட்டுப் பின்வளவுக்குக் கொங்கிரீட் தளம் போட்டாயிற்று

அச்சுப் பதித்த டிசைனா, வெறும் கொங்கிரீட்டா நல்லது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "தும்புத்தடியால் (தும்பு விளக்குமாறு) இழுத்து சொரசொரப்பாக விடுங்கோ" என்று ஒரு அக்கா சொன்னதுதான் சரிவந்தது. மார்கழி மழையிலும் அம்மா வழுக்காமல் கிணத்தடிக்குப் போய் வாறா. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

மணல் நிலம் என்பதால் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கிப்போட்டு, 4 அங்குலத் தடிப்பில் ஊற்றினோம். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக அடிக்குக் கால் அங்குலச் சரிவு. கண்டபடி வெடிக்காமல் இருக்க 8 அடிக்கு ஒரு வெட்டு. ஈரச்சாக்கு மூடி 7 நாள் நனைத்தோம். வறண்ட கச்சான் காற்றடிக்கும் காலத்தில் இதைத் தவறவிடாதீங்கோ, மேல்பரப்பு சட்டென்று காய்ந்து வெடித்துவிடும்.

எதிர்பாராதது: மத்தியான வெயிலில் வெளிர்நிறத் தளம் கண் கூசுது. வேம்பின் நிழல் விழும் பக்கம் அந்தத் தொல்லை இல்லை.